அத்தாவின் டிராக்டருக்கு ஒரு தெர்மோஸ்டாட்

உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய ஒரு சிறு பொருள். விலையும் சில நூறு ரூபாய்களைத் தாண்டாது. ஆனால் அதனைத் தேடி நாங்கள் இரண்டு மாதங்கள் அலைந்தோம். அந்த அலைச்சல் எங்கள் குடும்பத்துக்குக் கற்பித்த பாடம் அப்பொருளின் விலையைவிடப் பன்மடங்கு பெரியது. வீட்டில் பழைய டிராக்டரோ, பம்புசெட் எஞ்சினோ வைத்திருப்போருக்குப் பயன்படலாம் என்பதால் அதனை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அத்தா அவர்கள் 1974-ஆம் ஆண்டில் வாங்கிய சிவப்பு நிற மாஸி பெர்குசன் 1035 டிராக்டர் அது. கும்பகோணத்துக்கு அருகேயுள்ள எங்கள் ஊரில் அதன் ஓசையைக் கேட்டே யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம், மாஸி பெர்குசன் நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூட்டுறவோடு தயாரித்த வண்டிகளுள் ஒன்று. அதிலுள்ள மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் சிம்ப்சன் நிறுவனத்தின் தயாரிப்பு. 1840-இல் சென்னையில் குதிரை வண்டிகள் கட்டத் தொடங்கிய அதே சிம்ப்சன்தான்.

2023-ஆம் ஆண்டு ரஜப் மாதத்தில் அத்தா வஃபாத்தானார்கள். அம்மாவின் இத்தா முடிந்த பிறகு வாரிசுப் பங்கீட்டுக்காக உட்கார்ந்தோம். அம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு. எஞ்சியதில் எனக்கும் தம்பிக்கும் இரண்டிரண்டு பங்கு, தங்கைக்கு ஒரு பங்கு. நிலத்தைப் பிரிக்கலாம், டிராக்டரைப் பிரிக்க முடியுமா? விற்றுப் பணத்தைப் பங்கிடுவதென்று முடிவாயிற்று. பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் சம்பா உழவுக்காக வாங்கிக்கொள்ள முன்வந்து முன்பணமும் கொடுத்தார்.

காலியாகக் கிடந்த அறை

கொடுப்பதற்கு முன் வண்டியைத் துடைத்து, எண்ணெய் மாற்றித் தரலாம் என்று பட்டறைக்கு ஓட்டிச் சென்றோம். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்த மேஸ்திரி முகம் சுளித்தார். மூடியின் உட்புறத்தில் மோர்க்குழம்பின் ஆடைபோல வெளிறிய பிசுபிசுப்பு படிந்திருந்தது. ஹெட் கேஸ்கட் பழுதாகி எண்ணெயில் தண்ணீர் கலந்தாலும் இவ்வாறு படியும் என்பதால் முதலில் அதைச் சோதித்தார். ரேடியேட்டரில் குமிழி வரவில்லை, தண்ணீரும் குறையவில்லை. பிறகு சிலிண்டர் ஹெட்டின் முன்புறத்தில், மேல் ஹோஸ் சேரும் இடத்திலுள்ள மூடியைக் கழற்றினார். உள்ளே தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய அறை காலியாக இருந்தது.

எப்போதோ ஒரு கோடையில் வண்டி சூடாகியிருக்கிறது. அப்போது வேலை பார்த்த ஒருவர், 'நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?' என்று அதைப் பிடுங்கி எறிந்துவிட்டார். உண்மையில் சூட்டுக்குக் காரணம் ரேடியேட்டர் குழாய்களில் படிந்திருந்த உப்பு. நோய் உள்ளேயே இருக்க, காவலாளியை வேலையைவிட்டு நீக்கிய கதைதான்.

தெர்மோஸ்டாட்டின் பணி என்ன?

எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீருக்கு அது ஒரு கதவு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கதவு மூடியிருக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி விரைவில் சூடேறும். குறித்த சூட்டை எட்டியதும் கதவு திறக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குச் சென்று ஆறித் திரும்பும். இதற்கு மின்சாரமோ மனிதக் கையோ தேவையில்லை. சிறு பித்தளைக் குப்பியினுள் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். சூட்டில் மெழுகு உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ள, வால்வு திறக்கிறது. ஆறினால் மெழுகு சுருங்க, ஸ்பிரிங் வால்வை மூடுகிறது. 1930-களில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் இந்த மெழுகு முறையைக் கண்டறிந்தார். அதற்கு முன்பு, ஆவியாகும் திரவம் அடைத்த துருத்தி போன்ற அமைப்பே வழக்கிலிருந்தது.

தானே திறந்து தானே மூடும் வால்வு நமக்கு அந்நியமானதன்று. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் மூவரும் தங்கள் பொறியியல் நூலில், நீரின் அளவைத் தாமே கட்டுப்படுத்தும் கூம்பு வால்வுகளை வரைந்து விளக்கியிருக்கிறார்கள்.

இந்தக் கதவு இல்லாவிட்டால் என்ன நேரும்? எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். டீசல் முழுமையாக எரியாது. எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து எண்ணெயில் கலக்கும். எரிவாயுக்களோடு வரும் நீராவி ஆவியாக வெளியேறாமல் எண்ணெயில் தங்கிப் பிசுபிசுப்பாகும். டீசலிலுள்ள கந்தகம் அந்த ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி லைனரை அரிக்கும். வண்டி நிற்காமல் ஓடும். ஆனால் ஆயுள் கரைந்துகொண்டே வரும். சில எஞ்சின்களில் இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. பக்கவழி ஒன்றை அடைக்கும் பணியும் தெர்மோஸ்டாட்டுக்குரியதாய் இருந்தால், அதை நீக்கியபின் சுடுநீர் ரேடியேட்டருக்குப் போகாமல் அந்தக் குறுக்குவழியிலேயே திரும்பி வந்து எஞ்சினைக் கொதிக்க வைத்துவிடும்.

சொல்வதா, விடுவதா?

"வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது? மூடியைத் துடைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?" என்றான் தம்பி. அவன் கெட்டவன் அல்லன். தங்கை மகளின் நிக்காஹ் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பணம் தேவையாயிருந்தது.

அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "உங்கள் அத்தா இருந்தால் சொல்லிவிட்டுத்தான் விற்றிருப்பார்கள். அவர்கள் பெயரில் வரும் கடைசிப் பணம் இது. இதில் எனக்கும் பங்கு இருக்கிறது. எனக்கு அப்படிப்பட்ட காசு வேண்டாம்" என்றார்கள்.

அதற்குமேல் யாரும் பேசவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலொன்றுக்குள் கைவிட்டுப் பார்த்து, அடியிலிருந்த ஈரத்தைக் கண்டு, வாங்குவோர் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரிடம் கேட்ட நிகழ்ச்சியை நாம் எத்தனையோ ஜும்ஆ உரைகளில் கேட்டிருக்கிறோம். எங்கள் ஈரம் எண்ணெய் மூடிக்குக் கீழே இருந்தது.

மறுநாள் அந்த விவசாயியை அழைத்து மூடியையும் காலி அறையையும் காட்டினோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரியான தெர்மோஸ்டாட் போட்டுக் கொடுங்கள் பாய். ரேடியேட்டரையும் சுத்தம் செய்துவிடுங்கள். நான் காத்திருக்கிறேன்" என்றார்.

முதல் தேடலும் முறிந்த காதும்

தஞ்சாவூரில் ஒரு கடையில் வண்டியின் பெயரைச் சொன்னதுமே ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். "இது எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்றார்கள். விளிம்பின் விட்டம் சரியாகவே இருந்தது. ஆனால் விளிம்பின் தடிமன் கூடுதல். பள்ளத்துக்குள் முழுவதும் இறங்காமல் சற்றே மேலெழும்பி நின்றது. அதைக் கவனிக்காமல் மூடியை வைத்து போல்ட்டை முறுக்கியதும் 'டக்' என்றொரு ஓசை. வார்ப்பு மூடியின் காது விரிந்துவிட்டது. இப்போது மூடியையும் தேட வேண்டியதாயிற்று. பிழை கடைக்காரருடையது மட்டுமன்று. அளந்து பார்க்காமல் வாங்கியது நாங்கள்தாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் அதன்மேலுள்ள எண்ணைக்கொண்டு புதியதை வாங்கிவிடலாம். எங்களிடம் பழையதே இல்லை. ஆகவே லேத் பட்டறைக்காரரின் வெர்னியர் காலிப்பரை வாங்கி வந்து அறையையே அளந்தோம். அவர் சொல்லிக் கொடுத்தபடி ஒரு தாளில் குறித்துக்கொண்டவை இவை:

1. விளிம்பு அமரும் பள்ளத்தின் விட்டம். இதில் 54 மி.மீ. என்பது பல எஞ்சின்களுக்குப் பொதுவானது. எனவே இது ஒன்று மட்டும் பொருந்துவதால் பயனில்லை.

2. அந்தப் பள்ளத்தின் ஆழம். விளிம்பும் அதன் ரப்பர் வளையமோ கேஸ்கட்டோ எதுவோ, அதுவும் சேர்ந்து இதற்குள் அடங்க வேண்டும்.

3. விளிம்புக்குக் கீழேயும் மேலேயும் உள்ள இடம். மெழுகுக் குப்பி அடியில் முட்டக் கூடாது. வால்வு திறக்கும்போது மேலே இடிக்கக் கூடாது.

4. அடியில் பக்கவழித் துளை இருக்கிறதா என்பது. இருந்து, அதை அடைக்கும் தட்டும் எஞ்சினின் அமைப்பில் உண்டெனில், தட்டுள்ள வகையையே வாங்க வேண்டும்.

5. திறக்கும் சூடு. இது தெர்மோஸ்டாட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 82 என்றால் செல்சியஸ். 180 என்றிருந்தால் அது பாரன்ஹீட் கணக்கில் அதே சூடு. எண்ணைப் பார்த்து மிரளவும் கூடாது, மயங்கவும் கூடாது.

இவற்றோடு எஞ்சினின் மீதுள்ள தகட்டிலிருந்து எஞ்சின் எண்ணையும் எழுதிக்கொண்டோம். டிராக்டரின் பெயர் ஒன்றாயிருப்பினும் ஆண்டுக்கு ஆண்டு எஞ்சின் மாறியிருக்கும். அரை நூற்றாண்டு ஓடிய வண்டியில் எஞ்சினையே யாரேனும் மாற்றியிருக்கவும் கூடும். இன்னொன்று: பழைய ஐஷர் டிராக்டர்களில் பல காற்றால் குளிர்விக்கப்படுபவை. அவற்றில் ரேடியேட்டரும் இல்லை, இந்தத் தேடலும் இல்லை.

"இது உங்கள் வண்டிக்கு ஆகாது"

திருச்சியில் இரண்டு கடைகளில் கைவிரித்தார்கள். சென்னைக்கு வேறொரு வேலையாகச் சென்றபோது, புதுப்பேட்டையில் பழைய உடைசல்களிலிருந்து விரிசலில்லாத மூடியொன்றைத் தேடி எடுத்தேன். பிறகு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு பழைய கடைக்குள் நுழைந்தேன்.

கடையிலிருந்த பெரியவர் என் தாளை வாங்கிக் கண்ணாடியை உயர்த்தி வாசித்தார். அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார், அளந்தார், திரும்ப வைத்துவிட்டார். நான் பேருந்துக்கு நேரமாகிறதே என்று, "அதையே கொடுங்களேன்" என்றேன். "உட்காரும். ஆனால் இது உங்கள் வண்டிக்கு ஆகாது. திறக்கும் சூடு குறைவு. நாளைக்கு மறுபடியும் எண்ணெய் கெடும்" என்றார். விற்றிருந்தால் அவருக்கு லாபம். நான் திரும்பி வந்து கேட்கப்போவதும் இல்லை. ஆயினும் விற்கவில்லை. பத்து நாள் கழித்து, சரியானதை வரவழைத்துத் தபாலில் அனுப்பினார்.

அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்தே தொடங்கும் ஓர் அத்தியாயம் திருக்குர்ஆனில் இருக்கிறது. அதை ஓதும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்தக் கடையும் அவர் கையிலிருந்த காலிப்பரும் நினைவுக்கு வருகின்றன. அவர் எந்த மார்க்கத்தவர் என்று நான் கேட்கவில்லை.

அடுப்பில் ஒரு சோதனை

புதியதாயினும் சோதிக்காமல் பொருத்தக் கூடாது என்று இம்முறை உறுதியாயிருந்தோம். அம்மாவின் பழைய பாத்திரமொன்றில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டோம். பக்கத்தில் பள்ளி ஆய்வகத்து வெப்பமானி. காய்ச்சலுக்குப் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அது 42 பாகைக்குமேல் காட்டாது, உடைந்துவிடும். 82-ஐ நெருங்கியதும் வால்வு மெல்ல இமை திறப்பதுபோலப் பிரிந்தது. 95-இல் முழுவதும் திறந்தது. வெளியே எடுத்து ஆற வைத்ததும் மூடிக்கொண்டது. பொறித்திருக்கும் எண் திறக்கத் தொடங்கும் சூடுதான் என்பதையும், முழுவதும் திறக்கப் பத்துப் பதினைந்து பாகை கூட ஆகும் என்பதையும் கண்ணால் கண்டோம்.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, மெழுகுக் குப்பி எஞ்சின் பக்கம் பார்க்குமாறு வைத்து, காற்றுப் போகும் சிறு துளையை மேற்புறமாக்கி, புதிய கேஸ்கட்டோடு மூடினார் மேஸ்திரி. போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்கினார். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்தோம். சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்தது. பிறகு சட்டென்று சூடேறியது. கதவு திறந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியை மட்டும் யாரும் திறந்துவிட வேண்டாம். கொதிநீர் முகத்தில் பாயும்.

சம்பா உழவுக்கு முன் வண்டி கைமாறியது. லைனர் தேய்மானத்தைக் கருதி, பேசிய விலையில் நாங்களே கொஞ்சம் குறைத்துக்கொண்டோம். தம்பிதான் அந்தத் தொகையைச் சொன்னான். தங்கைக்குச் சேரவேண்டியது சேர்ந்தது. நிக்காஹும் நலமே முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

சில அதிகாலைகளில் ஃபஜ்ருத் தொழுகை முடிந்து வரும்போது, வாய்க்காலுக்கு அப்பாலிருந்து அந்த எஞ்சினின் ஓசை கேட்கிறது. அம்மா திண்ணையில் உட்கார்ந்து, அது மறையும்வரை கேட்டுவிட்டு, அத்தாவுக்காகக் கையேந்தி துஆச் செய்துவிட்டு எழுந்து உள்ளே போகிறார்கள்.