எளிமையும் உண்மையும்

அறிந்ததை அறியாதார்க்கு எளிதாக உரைத்தல் ஆசிரியர் கடன். ஆயின், எளிமையின் பொருட்டு எதனை விடலாம், எதனை விடலாகாது என்று தெளிவதே அத்தொழிலின் அரும்பகுதி. கல்முனைக் கரையில் வாழும் நமக்கு இஃது உயிரோடு ஒட்டிய வினாவாகும்.

2004 டிசம்பர் 26ஆம் நாட் காலை, சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குள் கடல்கோள் நம் கரையை அடைந்தது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்கள் யாவும் மக்களைப் பறிகொடுத்தன. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே.

அதன்பின் சிறுவரிடையே பரவிய பாடம் ஒன்றுண்டு: "கடல் உள்வாங்கினால் ஓடு." சுருக்கமானது, நெஞ்சில் நிற்பது. சுமாத்திராவை அடுத்த சிமெலுவே தீவில் இத்தகைய பாடமே உயிர் காத்தது. 1907இல் நேர்ந்த அழிவை அத்தீவினர் 'ஸ்மோங்' என்னும் கதையாக வழிவழி சொல்லி வந்தனர்: நிலம் அதிரும், கடல் வற்றும், மேட்டுக்கு ஓடு. 2004இல் அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 78,000 பேரில் ஏழு பேரே மாண்டனர்.

ஆயினும், அக்கதையை அப்படியே நம் கரைக்குக் கொணர்தல் தகுமா? அன்று கடற்படுகையின் மேற்குப் பக்கம் உயர்ந்தது. கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. ஆதலின், கிழக்கே தாய்லாந்தில் முதலிற் கடல் வற்றிற்று. மேற்கே இலங்கையின் கீழ்க்கரைக்கோ நீர் உயர்ந்தே வந்தது. கடல் வற்றட்டும் என்று காத்திருப்பவன் இங்கு மாள்வான்.

இவ்விளக்கம் முழுவதும் சிறுவனுக்கு வேண்டுமோ? வேண்டா. கடற்படுகையின் செய்தியை விட்டுவிடலாம். அதனை அறியாமையால் அவனுக்குத் தீங்கில்லை. 'சிலவேளை' என்னும் ஒரு சொல்லையோ விடலாகாது. "கடல் சிலவேளை உள்வாங்கும், சிலவேளை உள்வாங்காமலே பாயும். எச்சரிக்கை கேட்டதும் ஓடு. ஓர் அலையோடு முடிந்ததென்று திரும்பாதே." இதுவும் எளிய பாடந்தானே!

குறைத்துச் சொல்லுதல் குற்றமன்று. குறைத்ததனால் கேட்பவர் கேடுறுவராயின் அதுவே குற்றம். மருந்தின் அளவைச் சொல்லும் வைத்தியருக்கும், சட்டத்தை விளக்கும் வழக்கறிஞருக்கும், செய்தி எழுதுவோருக்கும் இதுவே அளவுகோல்.

பெற்றோர் இன்று மாலையே தம் பிள்ளையிடம் கேட்டுப் பார்க்கலாம்: "கடல் உள்வாங்காவிட்டால் என்ன செய்வாய்?" அவன் தரும் விடையிலிருந்து, நாம் புகட்டியது பாடமா, வெறும் சுலோகமா என்பது விளங்கிவிடும்.