தடைகளும் தேயிலைக் கொழுந்தும்

நமுனுகுல மலைச்சரிவில் பறிக்கும் கொழுந்துக்கும் வாஷிங்டனில் இடும் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு.

இலங்கைத் தேயிலையை நெடுங்காலமாக விரும்பி வாங்கிய நாடு ஈரான். அணு விவகாரத்தில் அந்த அரசைத் தனிமைப்படுத்த அமெரிக்கா விதித்த தடைகள் வங்கிவழிக் கொடுக்கல் வாங்கலை அடைத்தன. 2012இல் வாங்கிய எண்ணெய்க்கான சுமார் 25 கோடி டொலர் கடன் தீராமல் கிடந்தது. 2021 டிசம்பரில்தான், மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையால் அதைத் தீர்க்க உடன்பாடானது. நம் ஊவாவின் உமா ஓயாத் திட்டத்துக்கான ஈரானியக் கடனும் இடையில் நின்றது. இலங்கை தன் பணத்தைப் போட்டு, 2024 ஏப்ரலில் அது திறக்கப்பட்டது.

தடைதான் ஈரானைப் பேச்சுக்குக் கொண்டுவந்தது என்பார்கள். இருக்கலாம். ஆனால் யுரேனியச் செறிவூட்டலை 3.67 சதவீதத்தில் நிறுத்தியது 2015 உடன்படிக்கை. 2018இல் அமெரிக்கா விலகித் தடையை மீட்டியது. 2021இல் செறிவு 60 சதவீதமாயிற்று. அரசு பணியவில்லை, அடுப்படிதான் வாடியது.

பகைமை பாராட்டிய மக்காவுக்கு யமாமாத் தலைவர் துமாமா (ரழி) தானியத்தை நிறுத்தியபோது, அதை அனுப்பச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். ஆயுதத்துக்குத் தடை இருக்கட்டும். உணவுக்கும் மருந்துக்கும் பேச்சுக்கும் வழி திறந்திருக்க வேண்டும்.