கதிரவன் ஏற்றும் தெருவிளக்கு

மதுரையைத் தூங்கா நகரம் என்பர். பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் இந்நகரில் நிகழ்ந்ததை மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி எடுத்துரைக்கிறது. இரவிலும் மக்கள் நடமாடும் ஊருக்கு வெளிச்சம் அடிப்படைத் தேவையாகும். எண்ணெயும் திரியும் தந்த வெளிச்சத்தைப் பிற்காலத்தில் மின்கம்பி தந்தது. இன்று அதனைப் பகல் முழுவதும் காயும் கதிரவனிடமிருந்தே பெற இயலும்.

வெயில் என்னும் வளம்

மதுரை, நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் அமைந்துள்ளது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகல் கதிரவன் இந்நகரின் உச்சிக்கு நேராக வருகிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 300 நாள்கள் வானம் தெளிவாக இருக்கும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்குச் சராசரியாக 5 கிலோவாட்மணிக்கு மேற்பட்ட ஆற்றல் விழுகிறது. வைகைச் சமவெளியின் மானாவாரி உழவரை வாட்டும் அதே வெயில், ஆற்றலாக மாற்றப்படும்போது பெருஞ்செல்வமாகிறது.

இவ்வளத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்க்க அரசு தேர்ந்த வழிகளுள் ஒன்று தெருவிளக்கு. 2011ஆம் ஆண்டில், சூரிய ஒளி விளக்குகளுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தோடு, ஐந்தாண்டுகளில் ஒரு இலட்சம் தெருவிளக்குகளைச் சூரிய ஆற்றலால் எரியச் செய்யும் திட்டமும் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்டது. கடும் மின்வெட்டு நிலவிய 2012ஆம் ஆண்டில் மாநிலத்தின் சூரிய ஆற்றல் கொள்கை வெளியாயிற்று. 2016இல் மதுரைக்குத் தென்கிழக்கே, இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் திறன்கொண்ட சூரிய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்நிலையத்தைக் காண்போர் சிலரே. தெருவிளக்கையோ நாள்தோறும் அனைவரும் காண்கின்றனர். சூரிய ஆற்றல் நம்பத்தக்கது என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றுவதும் வாடுவதும் பெரும்பாலும் அவ்விளக்கைப் பொறுத்தே அமையும்.

விளக்கு எரியும் விதம்

ஒளி பட்டால் சில பொருள்களில் மின்சாரம் தோன்றும் என்பதை 1839இல் பிரெஞ்சு அறிஞர் எட்மண்ட் பெக்கரல் கண்டறிந்தார். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் சிலிக்கானால் ஆன, நடைமுறைக்கு ஏற்ற சூரிய மின்கலத்தை உருவாக்கியது. அத்தகைய கலங்கள் பல இணைந்ததே கம்பத்தின் உச்சியில் காணப்படும் சூரியத் தகடு.

தகடு, பேட்டரி, கட்டுப்பாட்டுக் கருவி, எல்.இ.டி. விளக்கு ஆகிய நான்கும் இதன் உறுப்புகள். பகலில் தகடு தரும் மின்சாரம் பேட்டரியில் சேமிக்கப்படுகிறது. அந்தி சாய்ந்ததும் தகட்டின் மின்னழுத்தம் குறைகிறது. அதனை உணரும் கட்டுப்பாட்டுக் கருவி விளக்கை ஏற்றுகிறது, விடிந்ததும் அணைக்கிறது.

இதன் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 20 வாட் விளக்கு 12 மணி நேரம் எரிய 240 வாட்மணி தேவை. 75 வாட் தகடு, 5 மணி நேர முழு வெயிலுக்கு ஈடான ஒளியில் 375 வாட்மணி தரும். இழப்பாகக் கால் பங்கைக் கழித்தாலும் 280 வாட்மணி எஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை மேகங்கள் வானை மூடும். அந்நாள்களுக்காக மூன்று இரவுக்குரிய மின்சாரத்தைப் பேட்டரி தாங்க வேண்டும். 12 வோல்ட், 75 ஆம்பியர்மணி அளவுள்ள பேட்டரி 900 வாட்மணியைச் சேமிக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கைப் பயன்படுத்தினால் மூன்று இரவுகள் கழியும்.

இடமறிந்து அமைத்தல்

எல்லா இடத்திற்கும் ஒரே முறை பொருந்தாது. மீனாட்சியம்மன் கோவிலைச் சூழ்ந்த சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகளில் கட்டடங்கள் நெருங்கி நிற்கின்றன. அங்கே கம்பத்தின் மேலுள்ள தகட்டில் நிழல் விழும். மின்கம்பியோ அருகிலேயே உள்ளது. ஆகவே, பொதுக் கட்டடங்களின் கூரைகளில் தகடுகளைப் பரப்பி, அம்மின்சாரத்தை மின்கட்டமைப்பில் சேர்த்து, தெருவில் எல்.இ.டி. விளக்குகளை எரிப்பதே அங்குச் சிறந்தது.

திருமங்கலம், உசிலம்பட்டிப் பகுதிகளின் தோட்டச் சாலைகளின் நிலை வேறு. மதுரை மல்லிகையின் மொட்டு விரியும் முன்பே பறிக்கப்பட வேண்டும். எனவே, பூப்பறிக்கும் பெண்கள் பொழுது புலரும் முன்னரே புறப்படுகின்றனர். மின்கம்பி எட்டாத அத்தகைய பாதைகளில் தனித்து இயங்கும் சூரிய விளக்கு, பாம்புக்கும் பள்ளத்திற்கும் அஞ்சாமல் நடக்கத் துணை செய்யும். மின்தடை நேர்ந்தாலும் அது அணையாது.

விளக்கைக் காப்பவர் யார்?

மண்ணெண்ணெய் விளக்குகள் இருந்த காலத்தில் மாலைதோறும் திரி தூண்ட ஓர் ஆள் வந்தார். சூரிய விளக்கு தானே எரிந்து தானே அணைவதால், அதற்கு எவரும் தேவையில்லை என்னும் எண்ணம் எளிதில் தோன்றிவிடுகிறது. பல விளக்குகள் இருண்டு நிற்பதற்கு இவ்வெண்ணமே காரணம். தகடு 25 ஆண்டுகள் உழைக்கும். ஈய அமில பேட்டரியோ சில ஆண்டுகளில் மாற்றப்பட வேண்டியது. தூசு படிந்தால் மின்சாரம் குறையும். ஒரு வேப்பங்கிளையின் நிழல்கூடத் தகட்டின் திறனைப் பெரிதும் குறைத்துவிடும். பேட்டரி திருடப்பட்டால் எஞ்சுவது வெறுங்கம்பமே. ஆதலால், விளக்கை நிறுவும் செலவோடு அதனைப் பேணும் செலவையும் தொடக்கத்திலேயே ஒதுக்குதல் வேண்டும்.

பொதுச்சாலைகளுக்கு விளக்கமைத்தல் ஊராட்சியின் கடமை என 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கூறுகிறது. அக்கடமை நிறைவேற மக்களின் கண்காணிப்பும் தேவை. தம் தெருவில் எரியாத விளக்கின் கம்ப எண்ணைக் குறித்து ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ தெரிவிப்பதும், பேட்டரி மாற்ற நிதி ஒதுக்கப்பட்டதா எனக் கிராம சபையில் வினவுவதும் எளிய செயல்கள். மாணவர்கள் இன்றே தொடங்கக்கூடிய பணியும் ஒன்றுண்டு: தங்கள் ஊரிலுள்ள சூரிய விளக்குகள் எத்தனை, அவற்றுள் எரிவன எத்தனை எனக் கணக்கெடுத்தல். அக்கணக்கு ஊராட்சி மன்றத்தின் மேசையை அடையும் நாளில், விடியுமுன் பூப்பறிக்கச் செல்வோரின் பாதையில் மீண்டும் வெளிச்சம் பரவ வழி பிறக்கும்.