சிறிய கல்லூரிப் பட்டத்தின் பண மதிப்பு என்ன?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1868 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வெல்ஸ் கல்லூரி, 2024 ஆம் ஆண்டு மே மாதத்துடன் மூடப்பட்டது. பருவம் முடிவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் மாணவர்களுக்கு இது அறிவிக்கப்பட்டது. அதே மாத இறுதியில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் சதர்ன் கல்லூரியும் மூடப்பட்டது.

இவ்விரண்டும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் எனப்படும் வகையைச் சேர்ந்தவை. ஒரே தொழிலுக்கு மாணவரைத் தயார் செய்யாமல் இலக்கியம், வரலாறு, கணிதம், அறிவியல் ஆகியவற்றைச் சிறிய வகுப்புகளில் கற்பிப்பதே இவற்றின் நோக்கம். இவற்றில் படிப்பதற்குச் செலவிடும் பணம் திரும்பக் கிடைக்குமா என்ற கேள்வி இப்போது கூர்மையடைந்துள்ளது.

அறிவிக்கப்பட்ட கட்டணமும் உண்மைச் செலவும்

முன்னணிக் கல்லூரிகள் சிலவற்றில் கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 80 ஆயிரம் டாலருக்கும் அதிகமாக ஆகிறது. ஆனால் இதை முழுமையாகச் செலுத்துவோர் ஒரு பகுதியினரே. தனியார் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களுக்குச் சராசரியாகக் கட்டணத்தில் பாதிக்கும் மேல் தள்ளுபடி கிடைக்கிறது. கென்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரி கல்விக் கட்டணமே வசூலிப்பதில்லை. அதற்கு ஈடாக மாணவர் அனைவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் வேலை செய்ய வேண்டும்.

பத்து ஆண்டுகளா, நாற்பது ஆண்டுகளா?

ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வு மையம் ஒன்று, படிப்புச் செலவைக் கழித்து எஞ்சும் வருவாயை 2020 ஆம் ஆண்டு கணக்கிட்டது. பத்து ஆண்டுகளில், எல்லா வகைக் கல்லூரிகளுக்குமான இடைநிலை அளவு 1 லட்சத்து 7 ஆயிரம் டாலர். லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளுக்கோ 62 ஆயிரம் மட்டுமே. நாற்பது ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகிறது. எல்லாக் கல்லூரிகளுக்கும் 7 லட்சத்து 23 ஆயிரம்; இவற்றுக்கு 9 லட்சத்து 18 ஆயிரம்.

இக்கல்லூரிகளில் படித்தவர்களில் பலர் மேற்படிப்புக்குச் செல்வதால் அவர்களது வருவாய் தாமதமாகவே உயர்கிறது. எனினும் இடைநிலை அளவு பெரும் ஏற்றத்தாழ்வை மறைத்துவிடுகிறது. பட்டம் பெற்று வெளியேறுவோர் விகிதம் அதிகமாக உள்ள கல்லூரிகளும், அறிவியல், பொறியியல் மாணவர்கள் அதிகம் பயிலும் கல்லூரிகளுமே முன்னிலையில் உள்ளன.

கல்லூரியா, மாணவரா?

பொருளாதார அறிஞர்கள் ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் ஆகியோர் 2002 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு வேறொரு ஐயத்தை எழுப்பியது. கடும் போட்டி நிலவும் கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறிடத்தில் படித்தவர்கள், பின்னாளில் ஏறத்தாழ அதே அளவு சம்பாதித்தார்கள். ஏழைக் குடும்பத்து மாணவர்களுக்கு மட்டும் கல்லூரியின் தேர்வு கணிசமான வேறுபாட்டை ஏற்படுத்தியது.

வெளிநாட்டு மாணவர்களின் நிலை

அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவியும் கடனும் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. 2015 ஆம் ஆண்டு முதல் கல்லூரிவாரியாக அந்த அரசு வெளியிட்டு வரும் வருவாய் விவரங்களும் மத்திய உதவி பெற்றவர்களைப் பற்றியவை மட்டுமே. ஆம்ஹர்ஸ்ட், போடன் போன்ற மிகச் சில கல்லூரிகளே குடும்பத்தின் வசதியைப் பாராமல் வெளிநாட்டவரையும் தேர்ந்தெடுத்து உதவி வழங்குகின்றன.

ஆகவே, தள்ளுபடிக்குப் பின் நான்கு ஆண்டுகளுக்கும் ஆகும் மொத்தச் செலவு, பட்டம் பெறுவோர் விகிதம், கல்லூரியின் நிதிநிலை ஆகிய மூன்றையும் பெற்றோர் முதலில் கேட்டறிய வேண்டும். வீட்டை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க அனுப்பும் குடும்பத்துக்கு முதல் பத்து ஆண்டுகளின் கணக்கே முக்கியமானது. நாற்பதாம் ஆண்டில் வரும் லாபத்தைக் கொண்டு இந்த மாதத் தவணையைக் கட்ட முடியாது.