இரு படங்கள் சொன்ன செய்தி

‘புற்றுநோய்’ என்ற சொல்லைக் கேட்டதும் நெஞ்சம் நடுங்காதவர் யார்? சென்ற ஆண்டு அச்சொல் கம்பத்திலுள்ள எங்கள் வீட்டிற்குள்ளும் நுழைந்தது. என் அப்பத்தாவின் வயிற்றில் ஒரு கட்டி. அது ‘ஜிஸ்ட்’ என்னும் வகை என்றும், தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றும் மதுரையில் டாக்டர் கூறினார்.

மூன்று மாதம் கழித்து மீண்டும் ஸ்கேன் எடுத்தோம். 80 மில்லிமீட்டராக இருந்த கட்டி, 76 மில்லிமீட்டர் என்று அறிக்கையில் இருந்தது. அப்பத்தா சோர்ந்து போனார். “கட்டி அப்படியேதானே இருக்கு? மாத்திரைய நிப்பாட்டிருவோம்” என்றார்.

டாக்டரோ, “முதலில் எடுத்த படமும் குறுந்தகடும் எங்கே?” என்று கேட்டார். அவற்றை நாங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தோம்! அப்பா கம்பத்திற்குத் திரும்பிச் சென்று, மறுநாள் எடுத்து வந்தார். இரண்டையும் கணினியில் அருகருகே வைத்துப் பார்த்த டாக்டர், “கவலைப்படாதீங்கம்மா, மருந்து நன்றாக வேலை செய்கிறது” என்றார்.

அளவு குறையாதபோது இதை எவ்வாறு அறிந்தார்? அன்புத் தோழியரே, அதைத்தான் இங்கு கூற விரும்புகிறேன்.

சி.டி. ஸ்கேன் முதன்முதலில் 1971இல் இங்கிலாந்தில் ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது. அதனை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு, 1979இல் கார்மாக் என்பவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஸ்கேன் படம் எண்ணற்ற சிறு புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. அடர்த்தி கூடினால் எண்ணும் கூடும். மருந்தினால் கட்டியின் உயிரணுக்கள் மடிந்து, இரத்த ஓட்டம் குறையும்போது அந்த எண் இறங்குகிறது. அப்பத்தாவின் கட்டியில் சராசரி எண் 60இலிருந்து 42 ஆகியிருந்தது.

போடியில் ஏலக்காய் தரம் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பார்வைக்கு ஒரே பருமனாக இருக்கும் இரண்டு காய்களில் ஒன்றில் விதை நிறைந்திருக்கும். மற்றொன்று உள்ளே வெறுமையாயிருக்கும். கட்டியும் அவ்வாறே.

கட்டிகளின் நீளத்தைக் கூட்டி, அது 30 சதவீதமாவது குறைந்தால்தான் குணம் தெரிகிறது என்பது 2000ஆம் ஆண்டில் வெளியான பொது விதி. ஆனால் ஜிஸ்ட் கட்டிக்கு இவ்விதி போதவில்லை. அளவு 10 சதவீதமோ, அடர்த்தி 15 சதவீதமோ குறைந்தாலே மருந்து பலிக்கிறது என்று கொள்ளலாம் என, 2007இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டாக்டர் ஹேசுன் சோய் குழுவினர் கண்டறிந்தனர். அப்பத்தாவுக்கு அளவு 5 சதவீதமே குறைந்தது. அடர்த்தியோ 30 சதவீதம் குறைந்திருந்தது!

இன்று கண்ணுக்குப் புலப்படாத மாறுதல்களையும் கணினி கொண்டு அளக்க முயல்கின்றனர். கட்டியின் வடிவம், உள்ளேயுள்ள மேடுபள்ளம் போன்ற நூற்றுக்கணக்கான தன்மைகளை எண்களாக்கி, முதல் படத்திற்கும் அடுத்த படத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் காண்பதே இம்முறை. ‘ரேடியோமிக்ஸ்’ எனப்படும் இத்துறை இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது. கருவியோ, ஊசி வழியே செலுத்தும் மருந்தோ மாறினால் எண்களும் மாறிவிடும் என்பது இதிலுள்ள சிக்கல். எனவே ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக ஸ்கேன் எடுப்பது நல்லது.

பெற்றோர்களே, தோழியரே! வீட்டில் நோயாளி இருந்தால் பழைய படங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்லுங்கள். கட்டி சுருங்கவில்லையென்று நாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

அப்பத்தா இன்றும் மாத்திரை சாப்பிடுகிறார். அவருடைய படங்கள் எங்கள் வீட்டுப் பீரோவில், நிலப் பத்திரத்தோடு சேர்ந்து இருக்கின்றன.