கூட வருகிறேன், பேச்சுக் கொடுக்காதீர்கள்!

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்தரை மணிக்கு எங்கள் தெருவில் சைக்கிள் மணி கேட்டால், பால்காரர் என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடி வராதீர்கள். அது நாங்கள்தான்! எதிர் வீட்டு மதினி, மில் வேலையிலிருந்து நின்றுவிட்ட அக்கா, டீச்சர், டீச்சரின் தங்கை, தையல்கடை அம்மா, நான் என்று ஆறு பேர். எல்லோருக்கும் நாற்பது தாண்டியாயிற்று. ராஜபாளையத்தில் கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ஆண்டாள் கோவில் கோபுரத்தைக் கும்பிட்டு, ஆளுக்கு ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்புவோம். போக வர சுமார் 25 கிலோமீட்டர்.

"இந்த வயசுல சைக்கிளா? ஊர் சிரிக்கப் போகுது" என்றார் என் கணவர், முதல் நாள். ஊர் சிரித்ததோ இல்லையோ, எனக்குச் சர்க்கரை குறைந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்த டாக்டர், "மாத்திரை பாதிதான் அம்மா, மீதி உங்கள் காலில் இருக்கிறது" என்று சொல்லியிருந்தார். நடந்தால் முழங்கால் வலித்தது. சைக்கிளில் உடம்பின் பாரத்தை சீட் தாங்கிக்கொள்வதால் முழங்காலுக்கு அவ்வளவு சிரமமில்லை. மகள் ப்ளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிள் திண்ணையில் சும்மா நின்றது. சின்ன வயதில் வாடகை சைக்கிள் எடுத்து, முட்டியைப் பெயர்த்துக்கொண்டு கற்ற வித்தை மறக்கவில்லை. ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது நான் சொல்ல வந்தது சர்க்கரையைப் பற்றி அல்ல. பேச்சைப் பற்றி!

பேச்சு, பேச்சு, ஒரே பேச்சு

ஆரம்பத்தில் ஆறு பேரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டேதான் போவோம். இட்லி மாவு புளிக்காததிலிருந்து பேத்தியின் காது குத்து வரைக்கும் எல்லாம் அந்த ரோட்டிலேயே பேசி முடித்துவிடுவோம். இடது பக்கம் மலை, வலது பக்கம் சூரியன் உதயம். எதையும் பார்த்தது கிடையாது. மூன்று பேர் ஒரே வரிசையில் போய், கேரளாவுக்குப் போகும் லாரிக்காரர் ஹாரன் அடித்துத் திட்டியதும் உண்டு.

ஆனால் அந்தப் பேச்சுக்கு ஒரு பலன் இருந்தது, மறைக்கக் கூடாது. தனியாக என்றால் முதல் நாளே பாதி வழியில் திரும்பியிருப்பேன். பேச்சு சுவாரசியத்தில் கால் வலி தெரியாது. டாக்டர்களும் இதையே ஓர் அளவாகச் சொல்கிறார்கள். உடற்பயிற்சி செய்யும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அப்படியிருந்தால் வேகம் சரியான வேகம். வாரத்துக்கு 150 நிமிடமாவது இந்த மாதிரி உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பெண்கள் கூட்டமாகச் சைக்கிளில் போவதில் இன்னொரு பலமும் உண்டு. 1991ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்கச் சொல்லி கிராமத்துப் பெண்களை ஊக்குவித்தார். 1992ல் மகளிர் தினத்தன்று புதுக்கோட்டைப் பட்டணத்தில் 1500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். ஒருத்தி மட்டும் போனால் கேலி செய்திருப்பார்கள். ஆயிரம் பேர் போனால் யார் வாய் திறப்பது? அப்படிக் கூட்டத்தில் பழகிய தைரியத்தில்தான் அந்தப் பெண்கள் அப்புறம் தண்ணீர் எடுக்கவும், வேலைக்கும் தன்னந்தனியாகச் சைக்கிளில் போய் வந்தார்கள்.

இதெல்லாம் தெரிந்தும், ஒரு கட்டத்தில் எனக்குக் கூட்டம் கசந்தது.

நான் பின்தங்கிய கதை

போன தை மாதம் என் மகளுக்கு நிச்சயம் செய்த கல்யாணம் நின்று போயிற்று. காரணம் இங்கே வேண்டாம். வீட்டில் அவள் முகத்தைப் பார்த்து அழக் கூடாது. அவர் எதிரில் அழுதால் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறும். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ஏறினால், "என்ன ஆச்சு? மாப்பிள்ளை வீட்டுல என்னதான் சொன்னாங்க? வேற இடம் பாக்குறீங்களா?" என்று ஐந்து பேரும் விசாரித்தார்கள். பாசத்தில்தான் கேட்டார்கள். ஆனால் புண்ணைத் தொட்டுத் தொட்டு, "வலிக்குதா?" என்று கேட்பது போலிருந்தது.

மெதுவாகப் பின்தங்க ஆரம்பித்தேன். முதலில் பத்தடி, அப்புறம் நூறடி. அப்போதுதான் அந்த ரோட்டையே பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். மலைமேல் படிந்திருக்கும் மேகம், தென்னந்தோப்பு வாசனை, தூரத்தில் எழும்பும் கோபுரம். வீட்டில் இருக்கும் நமக்குத் தனிமை எங்கே கிடைக்கிறது, சொல்லுங்கள்? குளிக்கிற நேரத்தில்கூட கதவைத் தட்டி, "அம்மா, சார்ஜர் எங்கே?" என்று கேட்பார்கள். எனக்கென்று கிடைத்த இரண்டு மணி நேரம் அதுதான்.

எதிர் வீட்டு மதினிக்குக் கோபம் வந்துவிட்டது. "கூட வந்துட்டு ஒதுங்கிப் போறதுக்கு எதுக்கு வரணும்? நாங்க என்ன தீண்டத்தகாதவங்களா?" என்று கேட்டேவிட்டார். நானும் வெடுக்கென்று, "அப்ப நான் தனியாவே போய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஆடி மாதம் ஒரு ஞாயிறு தனியாகவே கிளம்பினேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு, போனைக்கூட எடுக்காமல். போகும்போது மேல்காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது. என்னமாய்ப் பறந்தேன்! திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் மோதியது. மடவார் வளாகம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, கண் இருட்டியது. எப்படியோ இறங்கி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். டீக்கடைப் பெரியவர் ஒருவர் ஓடி வந்து, "சுகரு இருக்கா தாயீ?" என்று கேட்டு, தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்தார். கால் மணியில் எழுந்துவிட்டேன். அவர் பார்த்திருக்காவிட்டால்? நான் எங்கே இருக்கிறேன் என்று ஒரு ஜீவனுக்கும் தெரியாதே!

வீட்டில், "போதும், இனி சைக்கிளைத் தொடாதே" என்று உத்தரவு வந்தது. திரும்பவும் திண்ணைக்கே போயிற்று சைக்கிள்.

அக்கா மகன் சொன்னது

அந்த வாரம் கோயம்புத்தூரிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். அவனுக்கு நெடுந்தூரச் சைக்கிள் பைத்தியம். 'பிரெவே' என்று ஒன்று இருக்கிறதாம். பந்தயம் அல்ல. 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள், 300ஐ 20 மணிக்குள், 400ஐ 27 மணிக்குள், 600ஐ 40 மணிக்குள் முடிக்க வேண்டும். நம் நாட்டில் இதை 'ஆடாக்ஸ் இந்தியா' அமைப்பு நடத்துகிறது. பிரான்ஸில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் என்ற ஊருக்குப் போய்த் திரும்பும் 1200 கிலோமீட்டர் பயணம் நான்கு வருஷத்துக்கு ஒரு முறை நடக்கிறது. 2019லும் 2023லும் நம் நாட்டவர் பலர் அங்கே போய் ஓட்டினார்கள்.

"அவ்வளவு தூரமும் கூட்டமாவா போவீங்க?" என்று கேட்டேன்.

"அதுல ஒரு பெரிய கதையே இருக்கு சித்தி" என்றான். 1904ல் பிரான்ஸில் இந்தப் பயணங்களைத் தொடங்கியபோது, ஒரு தலைவர் முன்னே போக, எல்லோரும் அவர் வேகத்திலேயே ஒன்றாகப் போக வேண்டும் என்பது சட்டம். 1921ல் அவர்களுக்குள் பிளவு வந்தது. பாரிஸ் சங்கத்தார், அவரவர் இஷ்டப்பட்ட வேகத்தில், தனியாகவோ சேர்ந்தோ போகலாம் என்று புது முறை கொண்டுவந்தார்கள். இன்றும் உலகத்தில் இரண்டு முறையும் இருக்கின்றனவாம். ஆக, நானும் மதினியும் போட்ட சண்டையை நூறு வருஷத்துக்கு முன்பே வெள்ளைக்காரர்கள் போட்டு முடித்திருக்கிறார்கள்!

"நாங்க 400 போறப்ப, முதல் 50 கிலோமீட்டர் ஒரே கும்மாளம்தான். அப்புறம் அவங்கவங்க வேகத்துக்குத் தானாப் பிரிஞ்சிரும். ராத்திரி ரெண்டு மணிக்கு நான் மட்டும்தான் ரோட்டுல இருப்பேன். முன்னால தூரத்துல ஒரு சிவப்பு லைட்டு தெரியும். அவன் யாருன்னுகூடத் தெரியாது. ஆனா அது தெரியுற வரைக்கும் பயம் கிடையாது சித்தி."

அங்கங்கே குறித்த இடங்களில் எல்லோரும் நின்று அட்டையில் முத்திரை வாங்க வேண்டுமாம். அங்கே டீ, சிரிப்பு, அரட்டை எல்லாம் உண்டு. மறுபடி ரோட்டில் இறங்கினால் அவரவர் பாடு.

மதினி வைத்த நிபந்தனை

மறுநாள் நானே எதிர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னதும் மதினி கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ பேச வேண்டாம், பின்னாலேயே வா. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஆனா நான் திரும்பிப் பாக்குறப்ப நீ கண்ணுல தெரியணும். அது போதும்" என்றார்.

அவரே என் கணவரிடமும் பேசி அனுமதி வாங்கித் தந்தார். அன்றிலிருந்து எங்கள் ஆறு பேருக்கும் சில சட்டங்கள் வைத்திருக்கிறோம். உங்களுக்கும் பயன்படலாம்.

1. போகும்போது பேச்சு, வரும்போது மௌனம். வரும்போது பேச விரும்புகிறவர்கள் முன்னால் போகலாம். பின்னால் வருகிறவரைக் கூப்பிட்டு இழுக்கக் கூடாது.

2. எப்போதும் ஒருவர் பின் ஒருவராக, ரோட்டின் இடது ஓரத்தில்தான். வரிசைகட்டி அரட்டை அடிப்பது காப்பிக் கடையில் மட்டும்.

3. ஒவ்வொரு ஊர் விலக்கிலும் முன்னால் போனவர்கள் நின்று, கடைசி ஆள் வந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். அவர் மூச்சு வாங்கவும் இரண்டு நிமிடம் கொடுக்க வேண்டும்.

4. சர்க்கரை உள்ளவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பக் கூடாது. மாத்திரை, ஊசி நேரத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கையில் குளுக்கோஸ் பொட்டலம் வேண்டும். "பால்கோவா ஊருக்குத்தானே போறோம்" என்று நினைக்காதீர்கள். பாலின் கொழுப்பு கலந்திருப்பதால் பால்கோவாவின் இனிப்பு ரத்தத்தில் மெதுவாகத்தான் சேரும். மயக்கம் வரும்போது சர்க்கரைத் தண்ணீர்தான் சட்டென்று உதவும்.

5. தனியாகப் போவதானால் போனும், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒரு வார்த்தையும் அவசியம்.

ஒருநாள் காப்பிக் கடையில் டீச்சர் சொன்னார்: "நம்ம ஆண்டாளைப் பாருங்க. திருப்பாவையில தோழிகளை வீடு வீடாப் போய் எழுப்பி, எல்லாரும் சேர்ந்து போகலாம்னு கூப்பிடுறா. நாச்சியார் திருமொழியில மேகத்துக்கிட்டயும் குயிலுக்கிட்டயும் ஒத்தையிலே நின்னு பேசுறா. ரெண்டும் அவளேதானே?" நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. அன்று திரும்பும்போது ஆறு பேருமே மௌனமாகத்தான் வந்தோம்.

மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லை. வேலைக்குப் போய் வருகிறாள். அவள் விஷயத்தைப் போன மாதம் ஒரு ஞாயிறு, சைக்கிளை மிதித்து மதினியின் பக்கத்தில் போய், நானாகவே முழுக்கச் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டதற்குச் சொல்வது வேறு, தோன்றும்போது சொல்வது வேறு அல்லவா?

உங்கள் தெருவிலும் யாராவது கூட்டத்தோடு வந்தும் கொஞ்சம் பின்னாலேயே வந்துகொண்டிருப்பார். 'கர்வம் பிடித்தவள்' என்று விட்டுவிடாதீர்கள். பேச்சும் கொடுக்க வேண்டாம். அவ்வப்போது திரும்பிப் பாருங்கள், போதும்.