பழைய எம்.ஜி.பி. காரின் உட்புறச் சீரமைப்பு

இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை உருவான எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் காரின் உட்புறத்தை வீட்டிலேயே புதுப்பிக்க விரும்புவோர், இருக்கைகளுக்குப் பின்னே அமைந்த பேட்டரியின் இணைப்பை முதலில் துண்டித்து, இருக்கைகளையும் கம்பளத்தையும் அகற்றி, ஈரம் தேங்கித் தரைத்தகடு துருப்பிடித்திருக்கிறதா என்று ஆராய வேண்டும். ஏனெனில், துருவின்மேல் விரிக்கப்படும் புதுக் கம்பளம் அழிவை மறைக்குமேயன்றித் தடுக்காது.

அமர்பவரின் எடையைத் தாங்குவதற்காக இருக்கைச் சட்டத்தில் இழுத்துக் கட்டப்படும் ரப்பர் பட்டைகள் தளர்ந்திருந்தால் அவற்றையும், நொறுங்கிய நுரைமெத்தையையும் மாற்றிய பின்னர், வினைல் எனப்படும் செயற்கைத் தோலுறையை வெயிலில் இளஞ்சூடாக்கி நெகிழச்செய்து பொருத்தினால் சுருக்கம் குறையும்.

நிறத்தையும் தையலையும் விருப்பம்போல் மாற்றலாம்; ஆயினும், அசல் வடிவத்துக்குச் சான்றாக நிற்பவை கழற்றிய பழைய உறைகளே என்பதால், அவற்றைப் பாதுகாத்து வைப்பது உரிமையாளரின் கடமையாகும்.